ஒரே அச்சில் 150 முறை: டைப்காஸ்டிங் என்றால் என்ன?

'தி கூனீஸ்' என்று 1985இல் ஒரு ஹாலிவுட் படம் வந்தது. புதையல் தேடிப் போகும் பொடியன்களின் கதை. தொடக்கத்திலேயே ஒரு காட்சி உண்டு. வீட்டைக் காலி செய்ய வேண்டிய நெருக்கடியில் ஓர் அம்மா. கையில் வேறு கட்டு. சாமான்களை மூட்டை கட்ட ரோசலிட்டா என்ற வேலைக்காரப் பெண்ணை அழைத்து வந்திருக்கிறார். ரோசலிட்டாவுக்கு ஸ்பானிஷ்தான் தெரியும், அம்மாவுக்கு அது தெரியாது. மகனின் கூட்டாளி ஒருவன், வாய்த்துடுக்கான பயல், நான் மொழிபெயர்க்கிறேன் என்று கூடவே போகிறான். துணிமணிகளை எந்த இழுப்பறையில் வைக்க வேண்டும் என்று அம்மா விளக்க, கஞ்சா மேலே, ஹெராயின் அடியில், ஒன்றோடு ஒன்று கலந்துவிடக் கூடாது என்று அவன் சிரிக்காமல் ஸ்பானிஷில் எடுத்துவிடுகிறான். ரோசலிட்டாவின் முகம் வெளிறுகிறது. அம்மா ஒன்றும் அறியாமல் அன்பாகச் சிரிக்கிறார்.

நமக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் வசனம் எல்லாம் பையனுக்கும் அம்மாவுக்கும்தான். ரோசலிட்டாவுக்கு அனேகமாக ஒன்றுமே இல்லை. அந்த முகம் சரியான நேரத்தில் சரியான அளவு திகைக்கவில்லை என்றால் காட்சி படுத்துவிடும். முழுச் சுமையும் அங்கேதான் இறங்கியிருக்கிறது.

அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் லூபே ஒன்டிவேரோஸ். அமெரிக்காவில் பிறந்தவர், பட்டதாரி, பல வருடங்கள் சமூகப் பணியாளராக வேலை பார்த்தவர். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேடை, சினிமா, டிவி எல்லாம் சேர்த்து வேலைக்காரி வேஷம் மட்டுமே 150 முறையாவது போட்டிருப்பேன் என்று அவரே ஒரு முறை கணக்குச் சொன்னார். வீட்டுப் பணியாளர் என்றுதான் இன்று எழுத வேண்டும், தெரியும். ஆனால் அந்த வேஷங்கள் ஸ்கிரிப்டில் எழுதப்பட்ட தொனிக்கு வேலைக்காரி என்ற சொல்தான் பொருந்துகிறது. அதனால் அதையே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு நடிகரை ஒரே மாதிரி வேஷத்துக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதைத்தான் டைப்காஸ்டிங் என்கிறார்கள். "முத்திரை குத்திட்டாங்க" என்று நாம் சொல்வது இதைத்தான். சொல் எல்லோருக்கும் தெரியும். அது எப்படி நடக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. யாரோ ஒரு தயாரிப்பாளர் உட்கார்ந்து சதி செய்கிறார் என்று நினைத்துக்கொள்கிறோம். ஒன்டிவேரோஸின் நாற்பது வருடத் தொழில் வாழ்க்கையைப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதல்ல என்று புரியும்.

அச்சும் பாகும்

அச்சு வெல்லம் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கொதிக்கும் பாகுக்கு என்று தனி வடிவம் கிடையாது. பலகையில் குழி எப்படிக் குடைந்திருக்கிறதோ, வெல்லம் அப்படி. கரும்பு எந்த ஊர்க் கரும்பு என்று குழி கேட்பதில்லை.

இதோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு சொல் ஸ்டீரியோடைப். இந்தச் சொல் உண்மையிலேயே அச்சகத்திலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் பிறந்தது. ஒரு பக்கத்துக்கான எழுத்துகளைக் கோத்து முடித்ததும், அந்தப் பக்கத்தை அப்படியே அச்செடுத்து, உலோகத்தை ஊற்றி ஒரே தகடாக வார்த்துவிடுவார்கள். மறுபதிப்பு வேண்டுமா, தகட்டை எடுத்து மாட்டினால் போதும். மறுபடி எழுத்தெழுத்தாகக் கோக்க வேண்டாம். அந்தச் சொல் பிறகு மனிதர்களைப் பற்றிய வார்த்தெடுத்த எண்ணங்களுக்கும் ஆகிவந்தது. இரண்டு இடத்திலும் காரணம் ஒன்றுதான்: வேலை மிச்சம்.

இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. டைப்காஸ்டிங் ஒரு நடிகருக்கு நடப்பது. ஸ்டீரியோடைப் ஒரு சமூகத்துக்கே நடப்பது. பொதுவாக நடிகர் மாட்டிக்கொள்வது வெற்றியால். ஒரு வில்லன் வேஷம் பிய்த்துக்கொண்டு ஓடினால் அடுத்த பத்துப் படத்துக்கு வில்லனாகவே கூப்பிடுவார்கள். அவரை நடிக்கப் பார்த்துவிட்டுத்தான் அச்சைத் தயார் செய்தார்கள். ஒன்டிவேரோஸ் கதை அப்படி இல்லை. அவர் நடித்து யாரும் பார்ப்பதற்கு முன்பே அச்சு தயாராகக் காத்திருந்தது. அது அவருக்காகச் செய்ததுகூட இல்லை. ஸ்பானிஷ் பெயரும் மாநிறமும் குள்ளமான, பூசின உடம்பும் உள்ள நடுத்தர வயதுப் பெண் யார் வந்தாலும் அதே குழிதான்.

இது புதிதும் இல்லை. ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஹேட்டி மெக்டேனியல். 1940இல் அவர் அதை வாங்கியதே ஒரு வேலைக்காரி வேஷத்துக்காகத்தான். விருது வாங்கிய பிறகும் வந்தவற்றில் பெரும்பாலானவை அதே வேஷங்கள்தான்.

எல் பாசோவிலிருந்து

லூபே 1942 செப்டம்பரில் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் பிறந்தார். ஊரின் ஓரத்தில் ரியோ கிராண்டே ஆறு. அக்கரையில் மெக்சிகோவின் சியூடாட் ஹுவாரெஸ். பாலத்தைத் தாண்டினால் வேறு நாடு. இரண்டு மொழியும் தெருவில் கலந்து புழங்கும் ஊர். மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய பெற்றோர் ஒரு டோர்ட்டியா (மெக்சிக ரொட்டி) தயாரிப்புக் கூடமும் இரண்டு உணவகமும் நடத்தினார்கள். அதாவது, பிற்காலத்தில் திரையில் பிறர் வீட்டில் வேலை கேட்டு நின்ற இந்தப் பெண், ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர். டென்டன் ஊரில் உள்ள டெக்சாஸ் பெண்கள் பல்கலைக்கழகத்தில் படித்தார். கல்யாணமாகி, கணவரோடு கலிபோர்னியாவுக்கு வந்தார். கணவருக்குக் கார் சம்பந்தப்பட்ட தொழில். இவருக்குச் சமூகப் பணி.

படத்தில் கூட்டத்தோடு நிற்க எக்ஸ்ட்ராக்கள் வேண்டும் என்ற ஒரு அறிவிப்பைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தார். முப்பது வயதை ஒட்டிய நேரம், வீட்டில் குழந்தைகள். பகலில் சமூகப் பணி, மாலையில் நாடகம். ஹாலிவுட்டில் 'நோசோத்ரோஸ்' என்று ஓர் அமைப்பு இருந்தது. ஸ்பானிஷில் 'நாங்கள்' என்று பொருள். மெக்சிகோவில் பிறந்த நடிகர் ரிகார்டோ மொண்டல்பான் 1970இல் தொடங்கியது. லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரைத் திரையில் கேவலமாகக் காட்டுவதை மாற்ற வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். அங்கே சின்ன அரங்கில் லூபே மேடை ஏறினார். வேலைக்காரி அச்சில் வார்க்கப்படப் போகிற ஒருவர், அந்த அச்சை உடைக்கவென்றே தொடங்கிய இடத்தில் பாடம் படித்திருக்கிறார்.

செய்தித்தாளைக் காயப்போட்ட அம்மா

அவருடைய மேடை வாழ்க்கையின் பெரிய திருப்பம் 1978. லாஸ் ஏஞ்சலஸ் மார்க் டேப்பர் ஃபோரம் அரங்கில் 'ஸூட் சூட்' நாடகம். எழுதி இயக்கியவர் லூயிஸ் வால்டெஸ். 1965இல் கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, லாரியின் பின்பக்கத் தளத்தையே மேடையாக்கி அவர்களுக்கு நாடகம் போட்டவர் இவர்.

நாடகத்தின் பின்னணி நடந்த கதை. 1942இல் லாஸ் ஏஞ்சலஸில் ஸ்லீப்பி லகூன் என்ற நீர்த்தேக்கத்தின் அருகே ஓர் இளைஞர் இறந்துபோனார். போலீஸ் மெக்சிக-அமெரிக்கப் பையன்களைக் கூட்டம் கூட்டமாக அள்ளிக்கொண்டு போனது. 22 பேர் மீது ஒன்றாக வழக்கு, 17 பேருக்குத் தண்டனை. 1944இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. இடையில் 1943 கோடையில் கடற்படை வீரர்கள் கும்பலாகத் தெருவில் இறங்கி, தொளதொள பேன்ட்டும் முழங்காலைத் தொடும் நீண்ட கோட்டும் போட்ட பையன்களைத் துரத்தி அடித்து, உடையை உருவி எறிந்தார்கள். அந்த உடைக்குத்தான் ஸூட் சூட் என்று பெயர். செய்தித்தாள்கள் அந்தப் பையன்களை ரவுடிகளாகவே எழுதித் தள்ளின.

இதை மேடையில் வால்டெஸ் காட்டிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. திரைக்குப் பதிலாக ஒரு பிரம்மாண்டமான செய்தித்தாள் பக்கம் தொங்கும். ஒரு கத்தி அதைப் பின்னாலிருந்து கிழிக்கும். கிழிசல் வழியாகக் கதைசொல்லி வெளியே வருவான். நீதிமன்றக் காட்சியில் இருக்கைகூடக் கட்டுக் கட்டான செய்தித்தாள்தான். சிறைக்குப் போகும் நாயகன் ஹென்றியின் அம்மா டோலோரெஸ் வீட்டில் கொடியில் துணி காயப்போடுவார். துணிக்குப் பதில் அவர் கையில் இருப்பதும் செய்தித்தாள். மகனைப் பற்றி ஊர் என்ன எழுதியதோ அதையே அன்றாட வேலையாக உதறி உதறிக் கொடியில் போடும் ஒரு தாய். அந்த டோலோரெஸ்தான் லூபே ஒன்டிவேரோஸ்.

மகனாக நடித்த டேனியல் வால்டெஸ் பிறந்தது 1949இல். அம்மாவை விட ஏழே வயது இளையவர்! அச்சு என்பது வேலைக்காரி மட்டும் அல்ல. பூசின உடம்பு என்றால் 36 வயதிலேயே அம்மா ஆகிவிட வேண்டும். ஆனால் டோலோரெஸுக்கு ஒரு வீடு இருந்தது, கணவர் இருந்தார், கோபம் இருந்தது. அது அச்சு இல்லை, ஆள்.

லாஸ் ஏஞ்சலஸில் நாடகத்துக்கு டிக்கெட் கிடைக்காத அளவுக்குக் கூட்டம். 1979 மார்ச்சில் நியூயார்க் போய், அங்கே பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில், வின்டர் கார்டன் அரங்கில் ஏறியது. மெக்சிக-அமெரிக்க நாடகம் ஒன்று பிராட்வேயைத் தொட்டது அதுவே முதல் தடவை. விமர்சகர்கள் போட்டுத் தாக்கினார்கள். 41 காட்சியோடு மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. 1981இல் அதே நாடகத்தை நாடக அரங்கில் வைத்தே படமாக எடுத்தார்கள். அதிலும் டோலோரெஸ் இவர்தான். பிராட்வே வரை போய் வந்த நடிகை. சரி, அதற்கப்புறம் என்ன வேஷம் வந்தது? ஏப்ரன் கட்டிய வேஷம்தான்.

மூன்று வினாடிக் கணக்கு

இங்கேதான் இயந்திரத்தின் உள்ளே பார்க்க வேண்டும்.

ஒரு டிவி தொடர் அல்லது படம் தொடங்கும்போது, ஸ்கிரிப்டில் உள்ள ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் இரண்டு மூன்று வரியில் குறிப்பு எழுதி நடிகர்களின் ஏஜென்டுகளுக்கு அனுப்புவார்கள். பிரேக்டவுன் என்பார்கள். நாயகிக்குப் பத்து வரி இருக்கும். ஒரே காட்சியில் கதவைத் திறந்துவிட்டுப் போகிற பாத்திரத்துக்கு ஒரு வரிதான்: பெயர் ரோசா, 40 முதல் 50 வயது, வேலைக்காரி, பேச்சில் கனத்த ஸ்பானிஷ் வாடை. (இது நானாகச் சொல்லும் மாதிரி. ஆனால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.) ஏஜென்ட் தன்னிடம் இருக்கும் புகைப்படங்களில் பொருந்துவதை எடுத்து அனுப்புவார். நடிகர்களைத் தேர்வு செய்யும் காஸ்டிங் டைரக்டர் அதில் சிலரைக் கூப்பிட்டுப் பார்ப்பார். ஒருநாள் வேலை. அதற்கு யாரும் ஒரு வாரம் யோசிக்க மாட்டார்கள்.

பெரிய பாத்திரத்துக்குத் தன்னை விளக்கிக்கொள்ள இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. சின்னப் பாத்திரத்துக்கு மூன்று வினாடி. திரையில் தெரிந்த உடனே யார் என்று புரிந்துவிட வேண்டும், கதை தடங்கலில்லாமல் நாயகனிடம் போய்விட வேண்டும். அதனால் முகம், உடை, பேச்சு மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்லும்படி ஆளைத் தேடுவார்கள். அந்த அவசரத்துக்கு வார்த்துவைத்த தகடு வெகு வசதி.

அப்புறம் இரண்டாவது சுற்று வருகிறது. ஒரு வேலைக்காரி வேஷம் செய்தாயிற்று. அது பயோடேட்டாவில் ஏறுகிறது. அடுத்த ஆடிஷனில் அதைப் பார்ப்பவர், இவருக்கு இது வரும் என்று நிம்மதியாகக் கூப்பிடுகிறார். இப்போது இரண்டு. பிறகு பத்து. நல்லபடியாகச் செய்யச் செய்யக் குழி ஆழமாகிக்கொண்டே போகிறது. மற்ற வேலையில் அனுபவம் கதவைத் திறக்கும். இங்கே மற்ற கதவுகளை மூடுகிறது. இந்தச் சுற்றில் வில்லன் என்று யாரையும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சீக்கிரம் முடித்தார்கள், அவ்வளவுதான்.

வேலைக்காரியாகவே ஏன்? என் ஊகம் இது. லாஸ் ஏஞ்சலஸில் வசதியான வீடுகளைத் துடைப்பவர்களில் மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பெண்கள் உண்மையிலேயே ஏராளம். ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு அன்றாடம் பேசிப் பழக்கமான ஒரே லத்தீன் பெண், தன் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் வருகிறவராக இருக்கலாம். கண்ணில் பட்டதை எழுதுகிறார். அந்தப் பெண் பஸ் ஏறிப் போன பிறகு அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்பது அவர் கண்ணில் படவே இல்லை.

உச்சரிப்பு விஷயம் இன்னும் வேடிக்கை. ஒன்டிவேரோஸ் ஆடிஷனுக்குப் போய்ச் சுத்தமான ஆங்கிலத்தில் வணக்கம் சொல்வார். ஸ்பானிஷ் வாடை வேண்டுமா என்று கேட்பார். ஆமாம், வேண்டும் என்பார்கள். எவ்வளவு கனமாக இருக்கிறதோ அவ்வளவு சந்தோஷம் அவர்களுக்கு என்று பிற்காலப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆக, அவர் தானாகவே இருக்கவில்லை. தன்னைப் போல இருப்பதாக மற்றவர்கள் கற்பனை செய்துகொண்ட ஒருத்தியாக நடித்துக்கொண்டிருந்தார். கேமரா ஓடுவதற்கு முன்பே நடிப்பு தொடங்கிவிடுகிறது.

மூன்று வழிகள் இருந்தன

அச்சில் மாட்டிய நடிகர் என்ன செய்யலாம்? அடையாளத்தையே அழித்துவிடலாம். ஸ்பெயின்காரரின் மகளான மார்கரீட்டா கன்சீனோ பெயரை மாற்றி, முடிக்குச் செம்மை ஏற்றி, நெற்றியோர முடியை மின்சாரத்தால் பொசுக்கிப் பின்னுக்குத் தள்ளி, ரீட்டா ஹேவொர்த் ஆனார். பெரிய நட்சத்திரமானார். அந்த வழி வெளுத்த தோல் உள்ளவர்களுக்கு மட்டுமே.

மறுக்கலாம். போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த ரீட்டா மொரேனோ 1962இல் ஆஸ்கர் வாங்கினார். அதற்கப்புறம் வந்ததெல்லாம் அதே மாதிரி ரவுடிக் கும்பல் படத்து வேஷங்கள். வேண்டாம் என்றார். பல வருடங்கள் சினிமாப் பக்கம் பெரிதாக ஒன்றும் இல்லாமல் போனது. ஆஸ்கர் கையில் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், ஒருநாள் வேலைக்குப் போகிற நடிகை எதை நம்பி மறுப்பார்?

ஒன்டிவேரோஸ் எடுத்தது மூன்றாவது வழி. வேஷத்தை வாங்கிக்கொள்வது, உள்ளே போய் ஆளை வைப்பது. நாட்டில் உழைக்கும் கைகளைத் திரையில் காட்டுவதில் தனக்குப் பெருமைதான், ஒவ்வொரு வேலைக்காரிக்கும் ஓர் உள்ளம் கொடுத்தேன் என்ற அர்த்தத்தில் பேசியிருக்கிறார். அதே மூச்சில், வேறு வேஷமே தராமல் இருப்பதைத்தான் எதிர்க்கிறேன் என்றும் சொல்வார். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டது எனக்கு நேர்மையாகப் படுகிறது. வேலைக்காரியாக நடிப்பது கேவலம் என்று சொன்னால், அந்த வேலையைச் செய்கிற பெண்களை என்ன சொன்னதாக ஆகும்?

இதற்கு நல்ல சாட்சி 1983இல் வந்த 'எல் நோர்ட்டே'. கிரெகரி நாவா இயக்கியது. குவாத்தமாலாவின் மாயா இனத்து அண்ணனும் தங்கையும் ராணுவத்துக்குத் தப்பி, மெக்சிகோ வழியாக லாஸ் ஏஞ்சலஸ் வந்துசேரும் கதை. தங்கை ரோசாவைத் தன்னோடு வீட்டு வேலைக்கு அழைத்துப் போகும் நாச்சாவாக ஒன்டிவேரோஸ். ஒரு வீட்டில் எஜமானி துணி துவைக்கும் இயந்திரத்தின் பொத்தான்களை விளக்குகிறார்: இதற்கு இது, அதற்கு அது, சூடு இவ்வளவு. ரோசாவுக்குத் தலை சுற்றுகிறது. எஜமானி திரும்பி வந்து பார்த்தால், ரோசா எல்லாவற்றையும் கையால் துவைத்துப் புல்தரையில் விரித்துக் காயப்போட்டிருக்கிறாள். இந்தக் காட்சியின் சிரிப்பையும் 'கூனீஸ்' சிரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வேலைக்காரி புரியாமல் விழிக்கிறாள். இங்கே நாம் ரோசாவின் கண் வழியாக இயந்திரத்தைப் பார்க்கிறோம், விழிப்பது எஜமானி. இதில் நாச்சாவாக வரும் ஒன்டிவேரோஸ் பரிதாபத்துக்குரியவர் அல்ல. தொழில் தெரிந்த சீனியர். எந்த வீட்டில் எப்படிப் பேச வேண்டும், எப்போது தலையாட்ட வேண்டும் என்று எல்லாம் அத்துப்படி. அதே வேலை, அதே நடிகை. மாறியது கேமரா யார் பக்கம் நிற்கிறது என்பதுதான்.

இடையிடையே வேறு வேஷமும் வந்தது. 1997இல் 'செலீனா'. பாடகி செலீனாவை 1995இல் சுட்டுக் கொன்ற அவருடைய ரசிகர் மன்றத் தலைவி யோலாண்டா சால்டிவாராக நடித்தார். கொலை நடந்து இரண்டே வருடம், ரசிகர்களின் ஆத்திரம் ஆறாத நேரம். பணம் எங்கே போனது என்று யோலாண்டாவைக் கேள்வி கேட்கும் செலீனாவின் தந்தையாக எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ். 'ஸூட் சூட்' மேடையில் செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டு வந்த அதே ஓல்மோஸ்தான். பழைய மேடைக் கூட்டாளிகள் இருவரும் எதிரெதிரே. அதே வருடம் வந்து இரண்டு ஆஸ்கர் வாங்கிய ஒரு பெரிய படத்தில் இவர் என்ன? ஓவியர் வீட்டு வேலைக்காரி.

கதவு திறந்தபோது

2000இல் 'சக் அண்ட் பக்' என்ற குறைந்த செலவுப் படத்துக்கு இயக்குநர் மிகேல் ஆர்டெட்டா கூப்பிட்டார். ஒரு சின்ன நாடக அரங்கில் வேலை செய்யும் பெவர்லி என்ற பெண். விசித்திரமான இளைஞன் ஒருவன் எழுதிக் கொண்டுவரும் நாடகத்தை மேடையேற்றிக் கொடுப்பவள். அந்தப் பாத்திரம் லத்தீன் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று கதையில் எந்தக் கட்டாயமும் இல்லை. ஸ்கிரிப்டைப் படிக்காமலேயே சரி என்று சொல்லிவிட்டாராம் ஒன்டிவேரோஸ். வயது 57. இன்டிபென்டன்ட் ஸ்பிரிட் விருதுக்குச் சிறந்த துணை நடிகையாகப் பரிந்துரைக்கப்பட்டார். பெவர்லி எரிச்சல்காரி, சிக்கனமாகப் பேசுபவள், ஆளைப் பார்த்தவுடன் எடைபோடுபவள். பார்க்கும்போது எனக்குத் தோன்றியது: நோசோத்ரோஸ் காலத்திலிருந்து இவருக்குத் தெரிந்த உலகம் இதுதானே! முப்பது வருடமாக நாடகக் கொட்டகையில் புழங்கியவரை நாடகக்காரியாக நடிக்கக் கூப்பிட இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

அடுத்த வருடமே மறுபடி வேலைக்காரி. 'ஸ்டோரிடெல்லிங்' படத்தில் கொன்சுவேலோ. ஆனால் இந்தத் தடவை அச்சைக் கையில் எடுத்து விளையாடிய படம். அழுதுகொண்டே வேலை செய்யும் அந்தப் பெண்ணிடம் வீட்டுச் சின்னப் பையன் கள்ளமில்லாமல் கொடூரமான கேள்விகளாகக் கேட்கிறான். பிறகு அவளை வேலையைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். கொன்சுவேலோ இரவில் திரும்பி வந்து, தூங்கும் வீட்டில் கேஸைத் திறந்துவிடுகிறாள். சுவரோடு சுவராக நிற்கிறாள் என்று நினைத்த உருவம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

எல்லோரும் இவரை நினைவில் வைத்திருப்பது 2002இல் வந்த 'ரியல் விமன் ஹேவ் கர்வ்ஸ்' படத்துக்காக. ஹோசெஃபீனா லோபெஸ் எழுதிய நாடகத்தை வைத்து பட்ரீசியா கார்டோசோ இயக்கியது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் குடும்பம். மூத்த மகள் நடத்தும் தையல் பட்டறையில் அம்மா கார்மெனும் தைக்கிறார். ஒரு கவுனுக்கு இவர்களுக்குக் கிடைப்பது 18 டாலர், பெரிய கடையில் அதன் விலை 600. இளைய மகள் ஆனாவாக அமெரிக்கா ஃபெர்ரேரா, அவருக்கு முதல் படம். ஆனாவுக்குக் கல்லூரிக்குப் போக ஆசை. கார்மெனுக்கோ அவள் பட்டறையில் உட்கார வேண்டும், உடம்பைக் குறைக்க வேண்டும், கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்.

கார்மெனை எளிதாக வில்லி ஆக்கியிருக்கலாம். மகளின் உடம்பைப் பற்றி நாக்கூசாமல் பேசுகிறவர்தான். ஆனால் அவருக்கு உள்ளே ஒரு ரகசியம்: தான் மறுபடி கர்ப்பமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார். மருத்துவர் மாதவிடாய் நின்றுபோவதன் அறிகுறி என்கிறார். அந்த வினாடியில் ஒன்டிவேரோஸின் முகத்தைப் பார்க்க வேண்டும். வாயாடிப் பெண் திடீரென்று வயதாகிப்போகிறார். கடைசியில் ஆனா நியூயார்க்குக்குக் கிளம்பும்போது அம்மாவின் அறைக் கதவைத் தட்டி ஆசீர்வாதம் கேட்கிறாள். கார்மென் திறக்கவில்லை. வண்டி கிளம்பிய பிறகு ஜன்னல் பக்கம் வந்து பார்க்கிறார். 150 முறை பிறருக்குக் கதவைத் திறந்துவிட்ட நடிகை, திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அந்தக் காட்சிக்காகவே படத்தை இரண்டு முறை பார்த்தேன். சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அம்மாவுக்கும் மகளுக்குமாகச் சேர்த்து நடிப்புக்கான சிறப்பு ஜூரி விருது கொடுத்தார்கள்.

2004இல் தொடங்கிய 'டெஸ்பரேட் ஹவுஸ்வைவ்ஸ்' தொடரில் மருமகளை வேவு பார்க்கும் மாமியார் ஹுவானிட்டாவாக வந்தார். மருமகள் ஈவா லாங்கோரியா, அவரும் டெக்சாஸ் மெக்சிக-அமெரிக்கர். இந்த வேஷத்துக்கு 2005இல் அமெரிக்க டிவி விருதான எம்மிக்குப் பரிந்துரை கிடைத்தது. ஒன்டிவேரோஸ் இப்போது வேலைக்காரி இல்லை, எஜமானனின் தாய். சோஃபாவில் உட்கார்ந்து அதிகாரம் செய்கிறார். அப்படியானால் அந்த வீட்டில் வேலை செய்வது யார்? யாவ் லின் என்ற சீனப் பெண். குழி காலியாகக் கிடக்கவில்லை. பக்கத்தில் நின்றவரை இழுத்துக்கொண்டது.

ஒன்டிவேரோஸ் 2012 ஜூலையில், 69 வயதில், கல்லீரல் புற்றுநோயால் கலிபோர்னியாவின் விட்டியர் நகரில் காலமானார். மறு வருடம் லாங்கோரியா தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்த ஒரு தொடர் வந்தது. முக்கியப் பாத்திரம் ஐந்தும் லத்தீன் நடிகைகளுக்கு. அமெரிக்க டிவியில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை என்று விளம்பரம் செய்தார்கள். ஐந்து பேருக்கும் வேஷம் வேலைக்காரி. மறுபடியும் அதேதானா என்று ஒரு பக்கம் கோபம், இந்தத் தடவை கதையே அவர்களுடையதுதானே என்று மறுபக்கம் பதில். வாதம் இன்றும் ஓயவில்லை.

அதற்குச் சில வருடம் முன்பே லாஸ் ஏஞ்சலஸில் உண்மையில் வீட்டு வேலை செய்யும் மூன்று பெண்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். குழந்தையை ஊரில் விட்டுவிட்டு வந்து, இங்கே பிறர் குழந்தையைக் குளிப்பாட்டும் பெண்கள். கதை சொல்லும் குரலுக்கு ஆள் தேடியபோது ஒன்டிவேரோஸைக் கூப்பிட்டார்கள். இந்த முறை ஏப்ரன் கட்டிக்கொண்டு திரையில் வந்தவர்கள் அந்தப் பெண்களே. அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து அவர்கள் கதையைச் சொன்னார்.